ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டுக்கு அலர்ட் வைக்கச் சொல்கிறார்கள்: பெங்களூர் மருத்துவமனைகளில் இது எங்கே பயன்படும்?

#1 கோரமங்களா கோடர்

வணக்கம். நடுத்தர அளவு தனியார் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் குழுவில் இருக்கிறேன். ஓ.பி. பதிவு, பில்லிங், லேப், வார்டு, மருந்தகம் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் ஓடும். பெங்களூரில் சில மருத்துவமனைகள், ஓசூரில் ஒன்று. இந்தக் காலாண்டில் எங்கள் தலையில் விழுந்திருக்கும் வேலை இது: நோயாளியின் பக்கத்தை டாக்டர் திறந்ததும், அவருக்கு இதுவரை ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) சோதனை செய்யவில்லை என்றால் திரையில் அலர்ட் வர வேண்டும்.

கையில் கொடுத்திருக்கும் மாதிரி அமெரிக்காவில் செய்தது. அங்கே 2023 மார்ச்சில் சி.டி.சி. (அவர்கள் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) ஒரு பரிந்துரை வெளியிட்டது. 18 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது எச்பிஎஸ்ஏஜி (வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா), ஆன்டி எச்பிஎஸ் (எதிர்ப்பு இருக்கிறதா), ஆன்டி எச்பிசி (எப்போதாவது தொற்றியதா) என்ற மூன்று ரத்தச் சோதனையும் செய்ய வேண்டும் என்பது. அதற்கு முன்பு ஆபத்து அதிகம் உள்ளவர்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தார்கள். தொற்று 2 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள நாடுகளில் பிறந்தவர்கள் அதில் பெரிய பிரிவு. அதனால் பழைய விதி 'பிறந்த நாடு' என்ற கட்டத்தைப் பார்க்கும், புதிய விதி வயதை மட்டும் பார்க்கும்.

இங்கே முதல் விதியும் இரண்டாவது விதியும் ஒன்றுதான். ஓ.பி.க்கு வருகிறவர் எல்லாரும் இந்தியாவில் பிறந்தவர்கள், இந்தியாவும் அந்த 2 சதவீதக் கோட்டைத் தாண்டிய நாடுதான். காலையில் கவுன்டர் திறந்ததிலிருந்து மூடும்வரை ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் பெட்டி குதித்துக்கொண்டே இருக்கும்.

விதி எழுதும் முன்பே கேட்டுவிடலாம் என்று இங்கே போடுகிறேன். டாக்டர், லேப், நர்சிங் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். எங்கள் டெமோ அறையில் எல்லா அலர்ட்டும் அழகாகத்தான் இருக்கும்.

#2 ஜெயநகர் பிசிஷியன்

எங்களைக் கேட்டுவிட்டு அலர்ட் வைக்கும் முதல் ஆள் நீங்கள்தான், அதற்கே நன்றி.

என் ஓ.பி.யில் ஒருவருக்கு நாலைந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதற்குள் மருந்து எழுதும்போது இரண்டு மூன்று எச்சரிக்கை வரும். கல்யாண மண்டபத்து மைக்செட் மாதிரி, அது பாட்டுக்குக் கத்தும், நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். 'மூடு' பொத்தான் திரையின் எந்த மூலையில் இருக்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். நான் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். மருந்துப் பாதுகாப்பு அலர்ட்டுகளைப் பற்றி 2006-ல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில், டாக்டர்கள் 49 முதல் 96 சதவீதம் வரை தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று இருந்தது.

இன்னொன்றை அமெரிக்க மாதிரி சொல்லாது. இங்கே டெஸ்ட்டுக்கான பணம் பெரும்பாலும் நோயாளியின் சட்டைப் பையிலிருந்து வருகிறது. டெங்கு சீசனில் மூன்று நாள் காய்ச்சலோடு வந்தவரிடம் பிளேட்லெட்டுக்கு எழுதினால் ஒன்றும் கேட்க மாட்டார். கூடவே கல்லீரல் வைரஸுக்கு மூன்று சோதனை எழுதினால், வெளியே போய் 'கமிஷன் டாக்டர்' என்பார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. எதற்கு வந்தாரோ அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதானே அவருக்குத் தெரியும்.

எல்லாருக்கும் அலர்ட் என்றால் என் ஓட்டு இல்லை.

#3 சந்தேகச் சாமி

மாஸ்டர் ஹெல்த் செக்கப் விற்க இன்னொரு கதவு. 'கணினியே சொல்கிறது சார்' என்று கவுன்டரில் சொல்வார்கள். வேறு என்ன?

#4 லேப் அக்கா

எல்லாரும் டெஸ்ட் செய்யாதவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? பல வருடமாக லேபில் இருக்கிறேன், நடப்பதைச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகும் எல்லாருக்கும் எச்.ஐ.வி., எச்பிஎஸ்ஏஜி, எச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி) மூன்றும் வரும். நாங்கள் 'வைரல் மார்க்கர்' என்போம். அவசரம் என்றால் ரேபிட் கார்டு. சீரம் சொட்டு விட்டு இருபது நிமிடம் பார்க்க வேண்டும். 'சி' கோடு வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் கார்டே செல்லாது. 'டி' பக்கத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால்கூட மெஷினில் மறுபடி போட்டுப் பார்ப்போம். பாசிட்டிவ் என்றால் ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதிவிட்டு உடனே ஓ.டி.க்கு போன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். அந்த கேஸ் அன்றைய லிஸ்டில் கடைசிக்குப் போகும். டிஸ்போசபிள் கவுன், டிரேப் வரும், அது பில்லிலும் ஏறும். கேஸ் ஷீட்டில் ஒரு ஸ்டிக்கர். ஹெர்னியா ஆபரேஷன் நல்லபடியாக முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் ஹீமோகுளோபின், கிரியேட்டினின் வரிசைக்கு நடுவில் 'எச்பிஎஸ்ஏஜி: ரியாக்டிவ்', அதாவது பாசிட்டிவ், என்று இருக்கும். அடியில் அட்வைஸ் என்ன தெரியுமா? கனமான பொருள் தூக்க வேண்டாம், ஏழாம் நாள் தையல் பிரிக்க வரவும்.

சர்ஜன் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்த டெஸ்ட் கத்திக்கும் ஊசிக்கும் நடுவில் தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்ள. அந்த வேலை முடிந்ததும் ரிசல்ட்டின் வேலையும் முடிந்துவிடுகிறது. நோயாளிக்கு இது என்ன, யாரைப் பார்க்க வேண்டும், வீட்டில் மற்றவர்கள் டெஸ்ட் செய்ய வேண்டுமா என்று சொல்வது யார் வேலை என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு முதல் விசிட்டில் செய்கிறோம், டயாலிசிஸ்காரர்களுக்குச் செய்கிறோம், பிளட் பேங்கில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சட்டப்படி செய்கிறோம்.

தம்பி, உங்கள் டேட்டாபேஸில் எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ் வந்தவர்களை மட்டும் எடுங்கள். அதற்கப்புறம் அவர்களில் யாருக்காவது ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ. டெஸ்ட்டோ (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்ப்பது), கேஸ்ட்ரோ டாக்டர் கன்சல்ட்டேஷனோ நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு அலர்ட்டை எங்கே வைக்கலாம் என்று யோசியுங்கள்.

#5 ஹலசூரு மணி

அக்கா சொன்ன ஆள் நான்தான்.

எனக்குச் சின்ன வயதில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். ரொம்ப வருடம் கழித்து வளைகுடாவில் வேலை கிடைத்து விசா மெடிக்கலுக்குப் போனேன். 'அன்ஃபிட்' என்று வந்தது. ஏன் என்று டாக்டர் சொல்லவில்லை, ஏஜென்ட் சொன்னான், அதுவும் படிக்கட்டில் நின்றுகொண்டு, நாலு பேர் முன்னால். 'மஞ்சள் காமாலை வைரஸ், ரத்தத்துல இருக்கு, கல்ஃப் மறந்துடு.' எனக்குக் காமாலை வந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய பைலை எடுத்துப் பார்த்தேன். அப்பெண்டிக்ஸ் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதே எழுத்து, அதே 'ரியாக்டிவ்'. அத்தனை வருடமும் அந்தக் காகிதம் பீரோவில் ரேஷன் கார்டுக்குக் கீழே இருந்திருக்கிறது. நடுவில் எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள்.

அப்புறம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் டெஸ்ட். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை, மனைவிக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. அம்மாவுக்கு இருந்தது, தம்பிக்கும் இருந்தது. தம்பிக்கு ஈரல் கொஞ்சம் கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. அவன் இப்போது அரசு மருத்துவமனையில் டெனோபோவிர் என்ற வைரஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான், காசு இல்லை. எனக்கு மாத்திரை தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தமும் ஸ்கேனும் மட்டும்.

அந்த ஆபரேஷன் முடிந்த வாரமே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பியை அப்போதே பார்த்திருக்கலாம். பேர் சொல்ல வேண்டாம் என்று இருக்கிறேன், ஆனால் அந்த ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போது இன்னும் வயிறு எரியும்.

#6 மாடரேட்டர்

மணி, பேர் போடாததற்கு நன்றி. மற்றவர்களும் அப்படியே தொடரவும்.

#7 ஈரல் வைத்தியர்

கேஸ்ட்ரோ துறையில் இருக்கிறேன். மணி குடும்பத்தில் நடந்தது அபூர்வமில்லை. நம் நாட்டில் இந்த வைரஸ் ஒட்டிக்கொள்ளும் முக்கிய வழிகளில் ஒன்று பிரசவ நேரம், இன்னொன்று சிறு வயது. பிறக்கும்போது தொற்றினால் 90 சதவீதம் பேருக்கு நாள்பட்டதாகிவிடும். பெரியவராகித் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் கீழேதான், மற்றவர்கள் உடம்பே விரட்டிவிடும். அதனால் நாற்பது வயதில் ஒருவருக்கு பாசிட்டிவ் என்று தெரிந்தால் நாங்கள் முதலில் கேட்பது 'அம்மா இருக்கிறார்களா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?' மக்கள் உடனே ஒழுக்கத்தைப் பற்றி யோசித்துக் கூனிக் குறுகிப் போகிறார்கள். பாதிப் பேருக்கு அது தொட்டிலில் வந்தது என்று சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 2.98 கோடி. உலகம் முழுக்க 25.4 கோடி, அதில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் 13 சதவீதம், சிகிச்சையில் இருப்பவர்கள் சுமார் 3 சதவீதம். நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுக்கச் சேர்ந்தது 2011-ல்தான். இன்று ஓ.பி.யில் உட்காரும் பெரியவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்பு பிறந்தவர்கள்.

சந்தேகச் சாமிக்கு ஒரு தகவல். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். டி.என்.ஏ. அளவு பார்ப்பதும் அதில் அடக்கம். மாவட்ட மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி பக்கம் இந்த மையங்கள் இருக்கின்றன. அலர்ட்டில் 'அருகில் உள்ள இலவச மையம்' என்று ஒரு வரி சேர்த்தால் பேக்கேஜ் விற்கிறார்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. நிர்வாகம் அந்த வரியை விடுமா என்பது வேறு விஷயம்.

பாசிட்டிவ் வந்தவருக்கு அடுத்து வேண்டியது இவ்வளவுதான்: ஏ.எல்.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டும் சோதனை), பிளேட்லெட், எச்பிஇஏஜி (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று பார்ப்பது), டி.என்.ஏ. அளவு, ஒரு வயிற்று ஸ்கேன், ஆறு மாதம் கழித்து மறுபடி எச்பிஎஸ்ஏஜி. ஆறு மாதம் தாண்டியும் இருந்தால் நாள்பட்டது. எல்லாருக்கும் மாத்திரை வேண்டாம், ஆனால் எல்லாருக்கும் கண்காணிப்பு வேண்டும். சிரோசிஸ் (ஈரல் சுருங்கிக் கெட்டிப்படுவது) வராமலேயே நேராக ஈரல் புற்று வரக்கூடிய வைரஸ் இது. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று விட்டுவிட முடியாது.

#8 கோரமங்களா கோடர்

லேப் அக்கா சொன்னதை ஒரு மருத்துவமனை அனுமதியோடு, பெயர், எண் எல்லாம் நீக்கி ஓட்டிப் பார்த்தோம். கணக்கை இங்கே போட எனக்கு உரிமை இல்லை. அக்கா சொன்னது சரி, அவ்வளவு மட்டும் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பட்டியலை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. ரிசல்ட் கட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்கள். 'ரியாக்டிவ்' என்று தேடினால் 'நான் ரியாக்டிவ்' எல்லாம் சேர்ந்து வந்து விழுகிறது. 'என்.ஆர்.' என்று இருக்கிறது, 'நெகட்டிவ்' என்று இருக்கிறது, மெஷினிலிருந்து நேராக வந்த இடத்தில் வெறும் எண் இருக்கிறது, சில இடத்தில் 'ரிப்போர்ட் இணைக்கப்பட்டுள்ளது' என்று மட்டும். இணைப்பைத் திறந்தால் வெளி லேபில் எடுத்த காகிதத்தை போனில் படம் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள், அதிலும் பாதி கட்டைவிரல்.

டெஸ்ட்டின் பெயரும் ஒன்றில்லை. தனியாகக் கேட்டால் ஒரு குறியீடு, 'ப்ரீ ஆப் புரொஃபைல்' உள்ளே வந்தால் வேறு, கர்ப்பிணிகளுக்கான 'ஏ.என்.சி. புரொஃபைல்' உள்ளே வந்தால் இன்னொன்று. லாயின்க் (லேப் டெஸ்ட்டுகளுக்கான உலகப் பொதுக் குறியீடு) போட்டு எல்லாவற்றையும் ஒரே பேருக்குக் கீழே கொண்டுவராமல் எந்த அலர்ட் வைத்தாலும், போன மாதம் டெஸ்ட் எடுத்தவரிடம் 'எடுக்கவில்லை' என்று சொல்லும். அப்படி இரண்டு தடவை சொன்னால் டாக்டர் அதற்கப்புறம் திரையையே நம்ப மாட்டார்.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவு எண் வேறு. ஒரு தடவை மகன் போன் நம்பரில் பதிவு, அடுத்த தடவை மருமகள் நம்பரில். ஆபா எண் (அரசு தரும் ஹெல்த் ஐ.டி.) கேட்டால் இணைக்கலாம், ஆனால் கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது யார் கேட்பது?

#9 லேபர் வார்டு சிஸ்டர்

எல்லாரும் டாக்டர் திரையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எங்கள் திரையையும் கொஞ்சம் பாருங்கள்.

எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் அம்மாவுக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் (தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருள்), கூடுமானவரை 12 மணி நேரத்துக்குள். தடுப்பூசி எல்லாக் குழந்தைக்கும் உண்டு, எப்போதும் ஸ்டாக் இருக்கும். இம்யூனோகுளோபுலின் ஆயிரக்கணக்கில் விலை, குளிரில் வைக்க வேண்டும், சின்ன ஆஸ்பத்திரிகளில் ஸ்டாக் வைக்க மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை பிறக்கும். கேஸ் ஷீட்டைப் புரட்டும்போதுதான் ஏழு மாதத்துக்கு முன்னால் வந்த ரிசல்ட் கண்ணில் படும். அப்புறம் அப்பாவை பைக்கில் ஏற்றி மருந்துக்கடை மருந்துக்கடையாக அனுப்ப வேண்டும். அந்த மனிதருக்கு ஊர் வேலூர் பக்கம், பெங்களூரில் எது எங்கே என்றே தெரியாது. கன்னடமும் வராது. போனில் நான் வழி சொல்லிக்கொண்டிருப்பேன்.

ரிசல்ட் அப்போதே தெரிந்ததுதானே? 28 வாரத்தில் டி.என்.ஏ. அளவு பார்த்து, 2 லட்சத்துக்கு மேலே இருந்தால் அம்மாவுக்கு டெனோபோவிர் தொடங்க வேண்டும். 34-36 வாரம் வரும்போது இம்யூனோகுளோபுலின் வாங்கி வைக்கச் சொல்லி மருந்தகத்துக்கும் எங்களுக்கும் அலர்ட் வர வேண்டும். டாக்டருக்கு வந்து அவர் மூடிவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, குழந்தைக்கு 9 மாதத்துக்கு மேல் 12 மாதத்துக்குள் எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி எச்பிஎஸ்ஸும் பார்க்க வேண்டும், ஊசி பிடித்ததா என்று தெரிந்துகொள்ள. இது நடப்பதே இல்லை. பிறக்கும்போது 'பேபி ஆஃப் லட்சுமி' என்று ஒரு எண் போடுவோம். தடுப்பூசிக்கு வரும்போது பேர் வைத்திருப்பார்கள், கவுன்டரில் புது எண் போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கும் குழந்தைக்கும் கணினியில் உறவே அறுந்துபோகும். அந்தத் தொடுப்பை நீங்கள் சரிசெய்தால் அதுவே பெரிய புண்ணியம்.

#10 புது உறுப்பினர் 

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ஒரே தட்டில் சாப்பிட்டால், டம்ளர் மாற்றிக் குடித்தால் பரவுமா? பி.ஜி.யில் கூட இருக்கும் பையனுக்கு இருப்பதாகச் சொன்னான்.

#11 ஈரல் வைத்தியர்

பரவாது. சேர்ந்து சாப்பிடுங்கள், கை குலுக்குங்கள். ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் அவரவருக்குத் தனி. உங்களுக்கு முதலில் ஒரு டெஸ்ட், இல்லை என்று வந்தால் 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. ஊசி போட்ட கையோடு எச்பிஎஸ்ஏஜி எடுக்காதீர்கள். 18 நாள் வரை ஊசியாலேயே பாசிட்டிவ் காட்டலாம். கோடர், இதையும் விதியில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பி.ஜி. பையன் தைரியமாகச் சொன்னானே, அதற்கு அவனிடம் முகம் சுளிக்காமல் இருங்கள்.

#12 சந்தேகச் சாமி

இலவச மையம் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த சந்தேகம்.

இந்த 'பாசிட்டிவ்' பட்டை யார் யார் திரையில் தெரியும்? பில்லிங் கவுன்டரில் தெரியுமா? இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில்? இந்த ஊரில் பாதி ஆஸ்பத்திரிகளுக்கு ஐ.டி. கம்பெனிகளோடு செக்கப் ஒப்பந்தம் இருக்கிறது. வேலையில் சேரும் முன் மெடிக்கல் எடுக்கும் அதே கட்டடத்தில், அதே சாஃப்ட்வேரில்தான் அவன் மாமியாரும் காட்டிக்கொள்கிறார். எச்.ஐ.வி.க்கு 2017-ல் தனிச் சட்டம் வந்தது. ரகசியம் காக்க வேண்டும், பாகுபாடு கூடாது என்று தெளிவாக இருக்கிறது. ஹெபடைடிஸ் பி-க்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. மணிக்கு ஏஜென்ட் படிக்கட்டில் சொன்ன மாதிரி உங்கள் கணினியும் நாலு பேர் முன்னால் சொல்லிவிடக் கூடாது.

நர்ஸ் ஸ்டேஷன் மானிட்டர் எப்போதும் காரிடாரைப் பார்த்துத்தான் இருக்கும். படுக்கை எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்டால் பக்கத்து பெட்காரரின் மச்சானும் படிப்பார்.

#13 ஜெயநகர் பிசிஷியன்

சாமி கேட்டது சரியான கேள்வி.

நான் கொஞ்சம் பழைய ஆய்வுகளைப் புரட்டினேன். 2013-ல் வந்த ஒன்று சுவாரஸ்யமாக இருந்தது. கலிபோர்னியாவில் யு.சி. டேவிஸ் மருத்துவ அமைப்பில், சீன, வியட்நாமியக் குடும்பப் பெயர் உள்ள, இதுவரை சோதனை செய்யாத நோயாளிகளைப் பட்டியலிலிருந்து எடுத்து, அவர்கள் டாக்டரைப் பார்க்க வருவதற்கு முன்பே டாக்டருக்கு மின்பதிவு வழியாக ஒரு செய்தி அனுப்பினார்கள். செய்தி போன பக்கம் பத்துக்கு நாலு பேருக்கு டெஸ்ட் எழுதப்பட்டது. போகாத பக்கம் கிட்டத்தட்ட யாருக்குமே இல்லை. எழுதியவர்களில் சிலர் ரத்தம் கொடுக்காமலேயே போய்விட்டார்கள், அது எங்கும் உள்ள கதை.

பிறந்த நாடு என்ற கட்டம் பலருக்குக் காலியாக இருக்கும் என்பதால்தான் அங்கே பெயரைப் பிடித்தார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் முருகேசனையும் மஞ்சுநாத்தையும் வைத்து என்ன கண்டுபிடிப்பது? ஆனால் அதில் எனக்குப் பிடித்தது நேரம். நோயாளி எதிரில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கும்போது குதிக்காமல் முன்னாலேயே வந்தது. யாருக்கு என்பதும் குறுகலாக இருந்தது.

அதனால் என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன், நிபந்தனையோடு. பாசிட்டிவ் வந்து தொடர்ச்சி இல்லாதவர் என் ஓ.பி.க்கு வருகிறார் என்றால் சொல்லுங்கள், சர்க்கரைக்கு வந்திருந்தாலும் சரி, முழங்கால் வலிக்கு வந்திருந்தாலும் சரி. அதை நான் மூட மாட்டேன். அலர்ட்டிலேயே தேவையான டெஸ்ட்டுகள் டிக் செய்து தயாராக இருக்கட்டும், நான் ஒப்புதல் மட்டும் கொடுக்கிறேன். எட்டுத் திரை தாண்டிப் போய்த் தேட வைக்காதீர்கள்.

#14 ஈரல் வைத்தியர்

டெஸ்ட் செய்யாதவர்களுக்கும் ஒரு இடத்தில் மட்டும் கட்டாயம் அலர்ட் வேண்டும், அங்கே குதித்துக் கத்தினாலும் பரவாயில்லை: கீமோ, ரிட்டுக்ஸிமாப் (சில புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் மருந்து), நீண்ட நாள் அதிக டோஸ் ஸ்டீராய்டு எழுதும்போது. நோய் எதிர்ப்பை அடக்கினால் தூங்கும் வைரஸ் விழித்துக்கொண்டு ஈரலைச் செயலிழக்க வைத்துவிடும். 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ரிட்டுக்ஸிமாப் அட்டையில் இதைக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கையாக, அதாவது அவர்களின் மிகக் கடுமையான எச்சரிக்கையாகப் போட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்டி எச்பிசி பாசிட்டிவ் என்று சிலர் இருப்பார்கள். பழைய தொற்று, வைரஸின் மிச்சம் ஈரல் செல்லுக்குள் இருக்கும். ரிட்டுக்ஸிமாப்புக்கு அவர்களும் ஆபத்தில்தான். உங்கள் விதி எச்பிஎஸ்ஏஜி ஒன்றை மட்டும் பார்த்து 'செய்தாயிற்று' என்று அணைந்தால், காப்பாற்ற வேண்டிய ஆளை விட்டுவிடும். இந்த இடத்தில் இரண்டும் வேண்டும். நல்ல வேளையாக மூட்டுவாத டாக்டர்களும் ஆன்காலஜிஸ்ட்டுகளும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள், அவர்களே ஒருமுறையாவது பார்த்துப் பயந்திருப்பார்கள்.

#15 கோரமங்களா கோடர்

இதுவரை வந்ததை வைத்து எழுதியிருக்கும் வரைவு இது. கிழித்துப் போடுங்கள்.

18 வயது விதியைத் தூக்கிவிட்டோம். டெஸ்ட் செய்யாதவர்களுக்கு வருடாந்திர செக்கப் பக்கத்தில் மட்டும், குதிக்காத ஒரு வரி, கீழே இலவச மையத்தின் விவரம். நிர்வாகம் அந்தக் கடைசி வரியைக் கேள்வி கேட்டது, விளக்கியதும் விட்டுவிட்டார்கள், எனக்கே ஆச்சரியம். கீமோ, ரிட்டுக்ஸிமாப் ஆர்டரில் ஆன்டி எச்பிசியும் இல்லாமல் மருந்தகத்துக்குப் போகாது. அவசரம் என்றால் காரணம் எழுதித் தாண்டலாம்.

முக்கிய வேலை பாசிட்டிவ் பட்டியல். லேப் ரிசல்ட்டை உறுதி செய்ததும் அந்த ஆள் ஒரு 'தொடர்ச்சி' வரிசையில் ஏறுவார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அட்வைஸ் பகுதியிலேயே தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பத்தி தானாக விழும். என்ன இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும், வீட்டில் யார் யார் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று. சர்ஜன் அதை அழிக்க முடியாது, மாற்றி எழுதலாம். கர்ப்பிணிகளுக்கு 28 வாரமும் 34 வாரமும் சிஸ்டர் சொன்ன மாதிரி, லேபர் வார்டுக்கும் மருந்தகத்துக்கும் சேர்த்து. குழந்தையின் எண் அம்மா எண்ணோடு கட்டியே பிறக்கும். தடுப்பூசிக் கவுன்டரில் அம்மாவின் போன் நம்பர் போட்டால் பழைய எண் மேலே வரும்.

வட்டம், ஸ்டிக்கர், நிறம் எதுவும் இல்லை. சிகிச்சை தரும் டாக்டர், அந்த வார்டு நர்ஸ், லேப் தவிர வேறு யார் உள்நுழைந்தாலும் அந்த வரி தெரியாது. யார் திறந்து பார்த்தார்கள் என்று பதிவாகும். கம்பெனி மெடிக்கல் ரிப்போர்ட் தனிப் பெட்டி.

எனக்குத் தெரியாத ஒன்றே ஒன்று: அந்தத் தொடர்ச்சி வரிசையை யார் பார்ப்பது?

#16 லேப் அக்கா

அதுதான் அசல் கேள்வி. பொதுவாக எல்லாருக்கும் என்று வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் இன்பெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸிடம் கொடுங்கள். ஊழியர்களுக்குத் தவறி ஊசி குத்தினால் எழுதும் ரெஜிஸ்டர் ஏற்கெனவே அவர்களிடம்தான் இருக்கிறது, இந்த வியாதி அவர்களுக்குப் புதிதில்லை. வாரம் ஒரு நாள் உட்கார்ந்து போன் பண்ணுவது அவர்கள் டூட்டியில் எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் நல்ல மனசுக்காரி இருக்கும்வரை நடக்கும், அவள் வேறு வேலைக்குப் போனதும் நின்றுவிடும்.

எஸ்.எம்.எஸ். மட்டும் அனுப்பாதீர்கள். போனை வீட்டில் யார் கையில் வைத்திருப்பார்கள் என்று தெரியாது. 'உங்கள் ரிப்போர்ட் விஷயமாக நேரில் வாருங்கள்' என்றால் போதும்.

#17 ஹலசூரு மணி

கோடர் சார், ஒரு கேள்வி. பழைய ஆட்களும் அந்த வரிசையில் ஏறுவார்களா, இல்லை இனிமேல் டெஸ்ட் எடுப்பவர்கள் மட்டுமா?

#18 கோரமங்களா கோடர்

கணினியில் ரிசல்ட் தனியாகப் பதிவான காலம் வரைக்கும் பின்னால் போகலாம் மணி, அதற்கு மேலே காகிதம்தான். அந்தப் பழைய பட்டியலைத்தான் முதலில் இன்பெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸிடம் கொடுக்கப் போகிறோம், புது ரிசல்ட்டுகளுக்கு முன்னால். போன் நம்பர் மாறியிருக்கும் ஆட்களை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

#19 லேபர் வார்டு சிஸ்டர்

பிரசவக் கேஸ் என்றால் தாய் கார்டில் ஆஷா பணியாளர் பேரும் நம்பரும் இருக்கும், அதைப் பிடியுங்கள். ஆனால் அவரிடம் ரிசல்ட் சொல்லக் கூடாது. 'குழந்தைக்கு ஒரு ஊசி பாக்கி இருக்கிறது, அம்மாவை வரச் சொல்லுங்கள்' என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்ற கேஸ்களுக்கு எனக்குத் தெரியாது, பில்லிங்கில் இன்ஷூரன்ஸ் விலாசம் இருக்கலாம்.